ஆள் நடக்காத ஆற்றங்கரை

வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரை பாலாற்றை ஒட்டி நடந்தால் கண்ணில் படுவது என்ன? அங்கே நிரந்தரமாக ஒரு நடைபாதை ஏன் வேண்டும்?

வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் போக இரண்டு வழி. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பஸ் பிடித்தால் அரை மணி நேரம். ரயிலில் போனால் நடுவில் விண்ணமங்கலம். இரண்டு ஊருக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. இந்த இரண்டு வழிக்கும் பக்கத்திலேயே மூன்றாவது வழி ஒன்று வெயிலில் கிடக்கிறது. ரோடும் தண்டவாளமும் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த வழி அது: பாலாற்றங்கரை.

இன்று அந்தக் கரையில் நடமாடுவது யார்? ஆடு மாடு மேய்ப்பவர்கள், கரையோரம் நிலம் வைத்திருப்பவர்கள், மணல் அள்ளுபவர்கள், இருட்டியபின் எதையாவது கொட்ட வருகிறவர்கள். மற்ற எல்லோரும் ஆற்றைப் பாலத்தின் மேலிருந்துதான் பார்க்கிறோம், அதுவும் பஸ் ஜன்னல் வழியாக அரை நிமிடம். தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்றதும் செல்போனுக்குத் திரும்பிவிடுகிறோம்.

பாலாறு கெட்டதற்குக் காரணம் கேட்டால் மேலே தடுப்பணை, கீழே மணல் கொள்ளை, நடுவே தோல் கழிவு என்று ஊரில் யாரும் ஒரே மூச்சில் சொல்வார்கள். மூன்றும் உண்மை. மூன்றுக்கும் பொதுவான இன்னொன்றும் உண்டு. மூன்றும் ஆள் பார்க்காத இடத்தில் நடந்தவை. ஊர் ஜனம் தினமும் நடந்துபோகிற கரையில் ராத்திரியோடு ராத்திரியாகப் பள்ளம் தோண்டுவதும் குழாய் பதிப்பதும் அத்தனை சுலபமில்லை.

கடத்தல்காரர்களைப் பிடிக்கப் பிறந்த பாதை

நடைபாதை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது டைல்ஸ் பதித்த பூங்கா, அலங்கார விளக்கு, திறப்பு விழாக் கல்வெட்டு. உலகத்தின் பேர்பெற்ற நடைபாதை ஒன்று அப்படிப் பிறக்கவில்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் மைன்ஹெட் ஊரில் தொடங்கி பூல் துறைமுகத்தில் முடிகிறது தென்மேற்குக் கடற்கரைப் பாதை. நீளம் 630 மைல், ஏறத்தாழ 1,014 கிலோமீட்டர். பெரும்பகுதி கடலை ஒட்டிய செங்குத்துப் பாறைகளின் விளிம்பில் போகும். காலை ஒரு கடலோர ஊரில் புறப்பட்டு, மாலை அடுத்த கடலோர ஊரில் போய் டீ குடிக்கிறவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. நடந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு குறை: பாதை நேராகப் போகாது. ஒவ்வொரு குடாவுக்கும் இறங்கும், மறுபடி ஏறும், முழங்காலைப் பதம் பார்க்கும்.

காரணம், அந்தப் பாதையைப் போட்டவர்கள் காற்று வாங்க வரவில்லை. வரி கட்டாமல் பிராந்தியும் தேயிலையும் புகையிலையும் கடல்வழியே கடத்திவந்த காலம் அது. கடத்தலைத் தடுக்க 1809இல் ஒரு காவல் படை வந்தது. 1822இல் அதுவும் வேறு சில படைகளும் சேர்ந்து கடலோரக் காவல் படை ஆயின. அந்தக் காவலர்கள் ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளே தள்ளி நடந்தால் கீழே இறங்கும் படகு தெரியாது. எனவே விளிம்பிலேயே நடந்தார்கள், இரவிலும் நடந்தார்கள். காவலர்களின் காலடி விழுந்து விழுந்து தடம் ஆயிற்று. கடத்தல் ஓய்ந்தது, தடம் நின்றது. அதில்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் நடக்கிறார்கள். 2009இல் இங்கிலாந்து ஒரு சட்டமே போட்டு, நாட்டின் கடற்கரை முழுக்க மக்கள் நடப்பதற்கு உரிமை கொடுத்தது. வேல்ஸ் நாடு 2012இல் தன் கரை முழுவதையும், ஏறத்தாழ 1,400 கிலோமீட்டரை, ஒரே நடைபாதையாகத் திறந்தது.

நமக்கும் இது புதிதில்லை. வட ஆற்காட்டு ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். ஏரிக்கரையைச் சுற்றி வருவது, மதகைத் திறந்து மூடுவது, கால்வாயில் எங்கே உடைப்பு, யார் வயலுக்கு யார் திருட்டுத்தனமாக மடை திருப்பியிருக்கிறார் என்று பார்ப்பது எல்லாம் அவர் வேலை. கூலி, அறுவடையில் நெல். மழை இரவில் மண்வெட்டியும் விளக்குமாகக் கரையில் நடக்க ஊரே அவரை நியமித்திருந்தது. மின்மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின் நீர்க்கட்டிக்கு வேலை போயிற்று. அவரோடு கரையில் நடப்பதும் போயிற்று.

திட்டின் மேல் ஓர் ஊர்

நடையை வாணியம்பாடியில் தொடங்குவதே பொருத்தம். பாலாறு இரண்டு கிளையாகப் பிரிந்து நடுவே விட்ட திட்டில் வளர்ந்தது பழைய வாணியம்பாடி. ஆற்றின் மடியில் உட்கார்ந்த ஊர் என்பதால் ஆறு கொடுத்ததையும் வாங்கியது, ஆறு அடித்ததையும் தாங்கியது. 1903 நவம்பர் 12 அன்று மேலே மைசூர் ராஜ்யத்தில் பேத்தமங்கலம், ராமசாகரம் ஏரிகள் உடைந்தன. வந்த வெள்ளம் வாணியம்பாடியில் ஏறத்தாழ 200 பேரின் உயிரைக் கொண்டுபோனது. அதன் நினைவுத் தூண் ஊருக்குள் நிற்கிறது.

அந்த ஆறுதான் இன்று ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மணலாகக் கிடக்கிறது. கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறக்கும் பாலாறு அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர், ஆக 348 கிலோமீட்டர் ஓடி வயலூர் அருகே கடலில் சேர்கிறது. மூன்று மாநிலத்திலும் சேர்த்து மிக நீண்ட ஓட்டம் நம்முடையது, கடைமடையும் நாமே. மைசூருக்கும் மதராசுக்கும் 1892இல் போட்ட ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கேட்காமல் புதிய அணை கட்டக் கூடாது என்பது அதன் சாரம். ஆனாலும் தடுப்பணைகள் எழுந்தன. தமிழக எல்லையில் புல்லூர் கனகநாச்சியம்மன் கோயிலை ஒட்டி ஆந்திர அரசு கட்டிய தடுப்பணையின் உயரம் 2016இல் 5 அடியிலிருந்து 12 அடியானது. வாணியம்பாடி விவசாயிகள் போராடினார்கள், வழக்கும் நடக்கிறது. தண்ணீர் மட்டும், அணை நிரம்பி வழிந்தால்தான் இந்தப் பக்கம் வருகிறது.

வரும்போது அடக்கமாக வருவதில்லை. 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் ஓடியது. செத்துப்போன ஆறு என்று எழுதிவைத்திருந்த இடத்தில் பாலங்கள் பெயர்ந்தன. ஆற்றுக்குள் வேலி போட்டவர்களுக்கும் வீடு கட்டியவர்களுக்கும் அப்போதுதான் எல்லைக்கல் எங்கே என்ற நினைவு வந்தது. மாதனூர் பக்கம் தரைப்பாலம் அடித்துப்போயிற்று. அந்த வாரத்தில் மட்டும் ஜனங்கள் குடும்பத்தோடு கரைக்கு வந்தார்கள், பூத் தூவினார்கள், கற்பூரம் ஏற்றினார்கள். வெள்ளம் வடிந்ததும் கரை மறுபடி காலி.

செப்பேட்டில் ஓர் ஆற்றங்கரை

வாணியம்பாடியைத் தாண்டி வந்தால் உதயேந்திரம். நெடுஞ்சாலையில் பறக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. வரலாறு படித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். எட்டாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் நந்திபுரத்தில் முற்றுகையில் மாட்டிக்கொண்டபோது அவனை மீட்டவர் படைத்தலைவர் உதயசந்திரன். அவர் வேண்டுகோளின்பேரில் மன்னன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஓர் ஊரை 108 அந்தணர்களுக்குக் கொடையாகக் கொடுத்து, அதற்கு உதயசந்திரமங்கலம் என்று பெயரிட்டான். அதைச் சொல்லும் செப்பேடு இந்த ஊர்ப் பெயரால்தான் அறியப்படுகிறது. கொடையில் நிலத்தோடு சேர்த்து நீர் இறைக்கும் இரண்டு பொறிகளும் இருந்தன. ஆற்றங்கரையில் நிலம் மட்டும் கொடுத்தால் போதாது, தண்ணீருக்கும் வழி எழுதிவைக்க வேண்டும் என்பது பல்லவனின் எழுத்தருக்குத் தெரிந்திருந்தது.

பாலாற்றுப் பாசனம் ஓடும் தண்ணீரை மட்டும் நம்பியதில்லை. மணலுக்கு அடியில் இருக்கும் தண்ணீர்தான் அதன் மூலதனம். ஆற்றுப் படுகையில் சாய்வாகக் கால்வாய் வெட்டிக்கொண்டே போவார்கள். மணலிலிருந்து கசிகிற நீர் அதில் சேர்ந்து, கொஞ்ச தூரத்தில் வயல் மட்டத்துக்கு வந்துவிடும். ஊற்றுக்கால் என்று பெயர். ஒவ்வோர் ஆண்டும் ஊரே கூடித் தூர்வார வேண்டும். மணல் இருந்தால்தான் ஊற்று. மணலைப் பாறை தெரியச் சுரண்டிவிட்டால் வெள்ளம் வந்தாலும் தேங்காது, ஓடிவிடும்.

இதைக் கரையில் நடக்கிறவர் கையால் தொட்டுப் பார்க்கலாம். மணல் இன்னும் மிஞ்சியிருக்கும் இடத்தில், மழைக்காலம் முடிந்த கையோடு, முழங்கை ஆழம் தோண்டினால் பக்கச்சுவர் நனைந்து கருக்கும். இன்னும் கொஞ்சம் தோண்டினால் அடியில் தண்ணீர் துளிர்த்து, கலங்கி, சில நிமிடத்தில் தெளியும். நூறடி தள்ளி, லாரி இறங்கிய தடத்துக்குப் பக்கத்தில், அதே ஆற்றில் சேறும் பாறையும் சீமைக்கருவேலமும்தான் இருக்கும். அங்கே எவ்வளவு தோண்டினாலும் கை காய்ந்தே வரும்.

உப்புப் பூத்த நிலம்

ஆம்பூரை நோக்கி நடக்க நடக்கத் தென்னந்தோப்புகளைக் கவனிக்க வேண்டும். நல்ல தோப்பும் உண்டு. கெட்ட தோப்பை மரமே காட்டிக்கொடுக்கும். அடியில் பருத்திருக்கும் தண்டு மேலே போகப்போகச் சீவிய பென்சிலாகச் சிறுத்திருக்கும். மட்டை சின்னதாக, மஞ்சளாக, குரும்பை பிடிக்காமல் நிற்கும். வரப்பில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் இருக்கும், இறைக்க மோட்டார் இருக்காது. அந்தத் தண்ணீரை வைத்து எதுவும் விளைவிக்க முடியாது என்று முடிவான பின் மோட்டாரை விற்றுவிட்டிருப்பார்கள்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? தோலோடு வந்தது. உரித்த தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பைப் போட்டு அனுப்புகிறார்கள். தோல் பதனிடும் டேனரியில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. பிறகு முடி போக்கச் சுண்ணாம்பு, சல்பைடு. பிறகு அமிலம். பிறகு பெரிய மர டிரம்முக்குள் குரோமியம் உப்போடு போட்டுச் சுழற்றினால் தோல் நீலம் பூத்து வெளியே வரும். கம்பூட்ஸ் போட்ட தொழிலாளிகள் அதை இழுத்துப் போடும்போது டிரம்மின் அடியில் வடிகிற தண்ணீரும் நீலமாகவே இருக்கும். ஒரு கிலோ பதப்பட்ட தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் என்று உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் கணக்குச் சொல்லியிருக்கிறது.

ஆரம்பத்தில் இந்தத் தொழில் இப்படி இல்லை. ஜவ்வாது மலைப் பக்கம் கிடைத்த ஆவாரம்பட்டையும் கடுக்காயும், பாலாற்றுத் தண்ணீரும், மாட்டுச் சந்தைகளும், மதராசிலிருந்து வந்த ரயிலும்தான் தோல் வியாபாரத்தை இந்தப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தன. பட்டை போட்டுப் பதம் பண்ண வாரக்கணக்கில் ஆகும். கழிவு நாறும், ஆனால் மண் அதைச் செரித்துவிடும். 1970களில் பாதி பதப்பட்ட தோலை ஏற்றுமதி செய்யாமல் முழுதும் முடித்த தோலாகவும் பொருளாகவும் அனுப்பு என்று மத்திய அரசு கொள்கையை மாற்றியது. தொழில் பெருகியது, குரோமியம் பரவியது. வாரக்கணக்கில் ஆன வேலை நாள் கணக்கில் முடிந்தது. கழிவைச் செரிக்கும் வேலை மட்டும் ஆற்றின் தலையில் விழுந்தது.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் பட்டறைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதுமோ கெட்டுவிட்டது என்று அதில் பதிவாகியிருக்கிறது. கெடுத்தவனே கொடுக்க வேண்டும், கெடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது இந்த வழக்கில்தான். நாட்டில் எந்தச் சட்டக் கல்லூரியிலும் வேலூர் என்றால் கோட்டைக்கு முன்னால் இந்த வழக்கு ஞாபகத்துக்கு வரும்.

கரையில் வந்து சேர்ந்தது என்ன? தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001 மார்ச்சில் 547 டேனரிகள் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று முடிவு செய்தது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட இல்லை. ஒரு தலைமுறை விவசாயத்தின் விலை அது.

மழை இரவு

தோல் பட்டறைகள் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாணியம்பாடியிலும் ஆம்பூரை ஒட்டிய துத்திப்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பல கோடி முதலீடு. கழிவுநீரைச் சவ்வு வழியாக வடிகட்டித் தண்ணீரை மறுபடி எடுத்துக்கொள்வது, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பாக்கி மூட்டை கட்டுவது, வெளியே ஒரு சொட்டும் விடாமலிருப்பது என்பது இன்றைய விதி. கடைப்பிடிக்கச் செலவு பிடிக்கும் விதி. நேர்மையாகக் கடைப்பிடிக்கிறவர், கடைப்பிடிக்காத பக்கத்துப் பட்டறையோடு விலையில் போட்டி போட வேண்டியிருக்கிறது.

ஆம்பூர் பக்கத்து மாராப்பட்டில் ஆறு வெள்ளை நுரை பொங்கி ஓடும் படம், மழைக்காலம் தோறும் செய்தித்தாளில் வருகிறது. மழை பெய்து ஆற்றில் தண்ணீர் வரும் இரவு பார்த்துத் தேக்கிவைத்த கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது கரையோர மக்களின் நெடுநாள் புகார். மறுநாள் அதிகாரிகள் வருவார்கள், மாதிரி எடுப்பார்கள். அதற்குள் நுரை ஆற்றில் கீழே இருக்கும் பள்ளிகொண்டாவைத் தாண்டியிருக்கும். தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் கடத்தல்காரர்கள் நிலா இல்லாத இரவுக்குக் காத்திருந்தார்கள். இங்கே மழை இரவு. காவலர் விளிம்பில் நடந்ததற்கு என்ன காரணமோ அதே காரணம் நமக்கும் பொருந்தும்.

எல்லாப் பழியும் டேனரிக்குப் போகாது. ஆம்பூர், வாணியம்பாடி ஊர்ச் சாக்கடைக்கும் போக்கிடம் ஆறுதான். கோழிக் கழிவு, பிளாஸ்டிக், கட்டட இடிபாடு எல்லாம் கரையில் குவிகின்றன. ஷூ வெட்டியபின் மிஞ்சும் தோல் துணுக்குகளும் சோல் ரப்பரும் மணலில் கலந்து கிடக்கும். ஒன்றைக் கையில் எடுத்தால் ஓரம் நேராக அச்சில் வெட்டியதாக இருக்கும், நடுவில் வண்ணம் அப்படியே இருக்கும். எந்த நாட்டுக் கால் அளவுக்கு வெட்டிய மிச்சமோ. டேனரிக்காரர் சாக்கடையைக் காட்டுவார், நகராட்சி டேனரியைக் காட்டும், இருவரும் சேர்ந்து ஆந்திரத் தடுப்பணையைக் காட்டுவார்கள். எந்த வாய்க்கால் எங்கிருந்து வந்து எங்கே ஆற்றில் இறங்குகிறது என்று எண் போட்ட பட்டியல் ஒன்று ஊர் ஜனத்தின் கையில் இருந்தால் இந்த விளையாட்டு ஒரே நாளில் முடிந்துவிடும். ஒரு சொட்டும் வெளியே வரக் கூடாது என்பது விதியானால், ஆற்றுக்குள் இறங்கும் எந்தக் குழாய்க்கும் சொந்தக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்க ஆய்வகம் வேண்டாம். கண்ணும் காலும் போதும்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை சாட்சி. 2006இல் உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலை ஓர் அமெரிக்க அமைப்பு வெளியிட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. 2015 ஜனவரி 31 விடியுமுன் அங்கே சிட்கோ வளாகத்தில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துப் பட்டறையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

ஆம்பூர் வாசல்

ஆற்றிலிருந்து ஊருக்குள் ஏறினால் ஆம்பூர் வேறு உலகம். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். இறங்குவதும் ஏறுவதும் பெரும்பாலும் பெண்கள். பேர்ணாம்பட்டு, மாதனூர், நாட்றம்பள்ளி வட்டாரக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பேர்போன கம்பெனிகளின் ஷூ மேல்பாகம் இந்தக் கைகளில் தைக்கப்படுகிறது. அவர்களில் பலர், நிலம் உப்புப் பூத்ததால் விவசாயத்தை விட்ட குடும்பத்துப் பிள்ளைகள். ஆற்றைக் கெடுத்த தொழிலே வீட்டில் அடுப்பு எரியவும் வழி செய்கிறது. இந்த முடிச்சு தெரியாமல் டேனரியை இழுத்து மூடு என்று சென்னையில் உட்கார்ந்து எழுதுவது எளிது.

ஊர் பேர் வாங்கியது பிரியாணியில். சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், விறகு அடுப்பு, பக்கத்தில் கத்தரிக்காய். வரலாற்றிலும் ஊருக்குப் பேர் உண்டு. 1749இல் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் இந்த ஊர் வாசலில் நடந்த போரில் உயிரை விட்டார். எதிரே நின்றவர்கள் சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையும். தென்னிந்தியாவில் ஐரோப்பியர் கை ஓங்கிய கதையில் இது ஓர் அத்தியாயம். இவ்வளவு பேர்போன ஊரில் ஹோட்டல் மேசைக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். கேன் தண்ணீர், இல்லையென்றால் மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரி. பாலாற்றங்கரை ஊர் இன்று காவிரி குடிக்கிறது.

நடக்க நினைப்பவர்களுக்கு

கைகாட்டிப் பலகை வைத்த பாதை இங்கே கிடையாது. சில இடம் கரை மேடு, சில இடம் வரப்பு, சில இடம் ஆற்று மணல், இடையே முள்வேலி. தை, மாசியில் விடியுமுன் புறப்பட்டால் வெயிலுக்கு முன் பாதி தூரம் போகலாம். முடியாவிட்டால் விண்ணமங்கலத்தில் ஏறி ரயில் பிடித்துவிடலாம். தனியாகப் போக வேண்டாம். மழைக்காலத்தில் போகவே வேண்டாம், மேலே அணை வழிந்தால் இங்கே சேதி வருமுன் தண்ணீர் வந்துவிடும். மணல் அள்ளிய பள்ளங்களில் தேங்கிய தண்ணீரின் ஆழம் மேலே தெரியாது. குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், கரையோரக் கிணற்றை நம்ப வேண்டாம். தோப்பைத் தாண்ட வேண்டியிருந்தால் ஆளைக் கேட்டுவிட்டுத் தாண்டுங்கள். போன் கேமரா கையில் இருக்கட்டும்.

பாதையும் படுகையும் ஒரே பிரிவில்

இந்தக் கரையில் நடக்க உரிமை இருக்கிறதா? 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு பொதுச் சாலைகள், தெருக்கள், பாதைகள் என்று அடுக்கிக்கொண்டே போய் ஆறு, ஓடை, ஏரிகளின் படுகையையும் சேர்த்து, தனியார் உரிமை நிலைநாட்டப்படாதவை எல்லாம் அரசின் சொத்து என்கிறது. வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்திலேயே பாதையும் படுகையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. புறம்போக்கு என்றால் யாருக்கும் இல்லாத நிலம் என்று நாம் பழகிவிட்டோம். எல்லோருக்குமான நிலம் என்று காலால் நடந்து காட்ட வேண்டியிருக்கிறது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பாலாற்று மாசு விவகாரத்தில் மறுபடி தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன். விடுபட்டவர்களுக்கு அரசே இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும், தணிக்கை நடக்க வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். இடையில் குழுக்களுக்கும் அறிக்கைகளுக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் இருந்தது தினமும் கரையைப் பார்க்கிற கண்ணுக்குத்தான்.

அதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டியதில்லை. எல்லையை அளந்து கல் நட்டால் போதும். முள்ளை வெட்டி இரண்டு ஆள் நடக்க மண் தடம் போட்டால் போதும். ஆற்றில் இறங்கும் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் குழாய்க்கும் எண்ணும் சொந்தக்காரர் பெயரும் எழுதிய பலகை வைத்தால் போதும். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் இதைச் செய்யலாம் என்பதற்குப் பக்கத்திலேயே முன்னுதாரணம் உண்டு. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் நாகநதி வறண்டு கிடந்தது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டக் கிராமப் பெண்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலியில் ஆற்றுப் படுகையில் செறிவூட்டும் கிணறுகளையும் தடுப்புகளையும் கட்டி நிலத்தடி நீரை மேலே கொண்டுவந்தார்கள். 2021இல் பிரதமரின் வானொலி உரையில்கூட அது இடம்பெற்றது. நதிக்குள் இறங்கி வேலை பார்த்தவர்களுக்கு நதிக்கரையில் நடப்பது பெரிய காரியமில்லை. பழைய நீர்க்கட்டி வேலையை இந்தமுறை சம்பளத்தோடும் ரெயின்கோட்டோடும் அவர்களுக்கே கொடுக்கலாம்.

டேனரி முதலாளிகளும் இதை எதிர்க்கக் காரணமில்லை. விதிப்படி நடக்கிறவருக்குக் கரையில் ஆள் நடப்பது பாதுகாப்பு. தன் பட்டறையிலிருந்து ஒன்றும் வரவில்லை என்பதற்கு ஊரே சாட்சியாகும். தங்களுக்கு வரும் தோல் எந்த ஆற்றைக் கெடுத்து வந்தது என்று வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கிவிட்ட காலத்தில் அந்தச் சாட்சிக்கு விலையும் உண்டு.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் அன்று கிராம சபை கூடுகிறது. அன்று வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றைத் தொடும் ஒவ்வோர் ஊராட்சியும் ஒரே ஒரு தீர்மானம் போடட்டும்: எங்கள் எல்லைக்குள் ஆற்றங்கரையில் யாரும் எந்நேரமும் நடக்கலாம், வேலி போட்டோ குப்பை கொட்டியோ அதை மறிக்கக் கூடாது. தீர்மானம் போட்ட மறுநாளே தலைவரும் வார்டு உறுப்பினர்களும் தங்கள் ஊர் எல்லையை ஒருமுறை நடந்து பார்த்து, ஆற்றில் இறங்கும் குழாய்களை எண்ணி, அந்தக் கணக்கை ஊராட்சி அலுவலக வாசலில் ஒட்டிவிட்டால் பாதைக்கு முதல் தடம் விழுந்துவிடும்.